என் சீர்த்தட்டைத் தூக்கிய கபடி டீம்

எங்கள் அப்பாவிடம் சொந்தமாக ஒரு கபடி டீம் இருந்தது. முடிச்சூர் பக்கம் நிலம் விற்றுக் காசு பார்த்த மற்றவர்கள் தண்ணி லாரி வாங்கினார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள், ஒருவர் கட்சியில் சேர்ந்து இருந்ததையும் தொலைத்தார். அப்பா டீம் வாங்கினார். வாங்கினார் என்றுதான் ஊரில் பேச்சு. ஆட்களை எப்படி வாங்க முடியும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கப்புறம் யாராவது கேட்டால் அப்பா ரியல் எஸ்டேட் என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன்.

அப்பாவுக்குக் கபடி என்றால் உயிர். ஆனால் ஒருநாள் கூட ஆடியதில்லை. மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிராளி எல்லைக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய ஆட்டத்தை, சின்ன வயதிலிருந்தே வீசிங் இருக்கிறவர் எப்படி ஆடுவார்? மற்ற பையன்கள் ஆடும்போது அவர்களுடைய சட்டையையும் வாட்சையும் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பதுதான் அவர் வேலையாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கையில் காசு வந்ததும், அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போக அவருக்கு ஒரு வழி கிடைத்தது.

எங்கள் பகுதியில் அப்போது இரண்டு டீம். ஒன்று ஏரிக்கரை டீம், பழைய விவசாயக் குடும்பத்துப் பையன்கள். இன்னொன்று மசூதித் தெரு டீம், இரும்புக் கடை, மெக்கானிக் ஷெட், டெய்லர் கடை என்று தொழில் செய்கிற வீட்டுப் பையன்கள். இரண்டு டீமும் வருஷா வருஷம் பொங்கலுக்கு மோதிக்கொள்ளும், பாதி தடவை ஆட்டம் அடிதடியில் முடியும், மறுநாள் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு பேருடைய கிரவுண்டும் போனது. ஒன்றில் ஃபிளாட் எழும்பியது, இன்னொன்றில் கல் நட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். அப்பா தன் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றாலும் எங்கள் வீட்டை ஒட்டி இருந்த மூலையை மட்டும் விற்காமல் வைத்திருந்தார். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசினார். ஒரு இடம்தான் இருக்கிறது, அதனால் ஒரு டீம்தான் இருக்க முடியும் என்றார். அவர்களுக்கும் வேறு வழியில்லை.

புது டீமுக்கு எந்தத் தெருவின் பெயரை முன்னால் போடுவது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் அப்பா அவருடைய அப்பா பெயரைப் போட்டு நினைவுக் கபடிக் குழு என்று ஜெர்சி அடித்துக்கொண்டு வந்தார். அந்தத் தாத்தா, கபடி ஆடுகிறவர்களைக் கண்டாலே வேலை வெட்டி இல்லாத பசங்க என்று திட்டிக்கொண்டு இருந்தவர். அவர் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு பையன்கள் மண்ணில் புரண்டார்கள். புது ஷூ வந்தது, முட்டிக்கு உறை வந்தது, சாயங்காலம் முட்டையும் பாலும் வந்தது. முன்பெல்லாம் எலெக்ட்ரிக் டிரெயினில் தொங்கிக்கொண்டு மேட்சுக்குப் போனவர்களுக்கு ஒரு வேன் வந்தது. அதன் முன் கண்ணாடியில் டீம் பெயர், பின் கண்ணாடியில் அப்பா படம். பையன்கள் அவரை ‘ஓனர்’ என்றார்கள். அதைக் கேட்கும்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எனக்கும் அந்த டீம் என்றால் பைத்தியம். காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்து எல்லா பிராக்டிஸையும் பார்ப்பேன். மசூதித் தெருவைச் சேர்ந்த கேப்டன் பகலில் ஃபிரிட்ஜ் மெக்கானிக், சாயங்காலம் ஆளைக் காலோடு வாரிப் பிடிப்பதில் மன்னன். ஏரிக்கரைப் பக்கத்து ரைடர் ஒருவர் தண்ணி கேன் போடுகிறவர். அவர் பாடிப் போனால் என்னாலேயே மூச்சு விட முடியாது. அவ்வளவு நேரம் எதிராளி எல்லையில் நிற்பார், ஒருவரைத் தொட்டுவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல நடந்து வருவார்.

அந்த வருஷம் அந்த ரைடருக்கு முக்கியமான வருஷம். ஜூனியர் வயது வரம்பு அதோடு முடிகிறது. வண்டலூரில் ஒரு போட்டி நடக்க இருந்தது. அரையிறுதியைப் பார்க்க மாவட்ட ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள் என்று பேச்சு. மாவட்டத்துக்கு ஆடினால் மாநிலத்துக்குப் போகலாம், மாநிலத்துக்குப் போனால் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால் ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டுக் கோட்டாவில் வேலை. எங்கள் பக்கத்தில் கபடி ஆடும் பையனைப் பெற்றவர்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிற கணக்கு இது. அவருடைய அம்மா எங்கள் வீட்டுக் கேட்டில் நின்று என் அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருக்கிறது. டீம் அரையிறுதிக்கு வந்தும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேட்ச்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் மஞ்சள் நீராட்டு விழா.

நான் வயதுக்கு வந்ததை எங்கள் வீட்டார் ஊருக்கே மைக் வைத்துச் சொல்லத் தீர்மானித்திருந்தார்கள். ஜோசியர் குறித்த தேதி முதலில் வந்தது, மேட்ச் தேதி பிறகு வந்தது. “காலைல பத்தரைக்கு ஃபங்ஷன், பன்னெண்டுக்கு முடிஞ்சிடும், வேன் ஏறினா கால் மணி நேரத்துல வண்டலூர்” என்று அப்பா கேப்டனிடம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். எங்களுக்கு வேறு ஒரு பிரச்சினை இருந்தது. சீர் கொண்டுவர வேண்டிய தாய்மாமன் எங்களோடு பேசுவதில்லை.

அம்மாவின் தம்பி பள்ளிக்கரணையில் இருந்தார். அந்த மூலை இடத்தைத் தனக்குத் தரும்படி கேட்டிருந்தார். அப்பா அதை டீமுக்கு விட்டுவிட்டார். “அக்கா பொண்ண விட அவருக்கு டீமுதான் பெருசு, அந்த டீமே சீர் செய்யட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. கோபத்தில் சொன்ன அந்தப் பேச்சை அப்பா அப்படியே பிடித்துக்கொண்டார். மாமன் வராத வீடு என்று ஊர் சிரிக்கக் கூடாது. அதனால் சீரை அவரே வாங்கினார். பித்தளைத் தட்டுகளில் பழம், பூ, வளையல், பட்டுப் பாவாடை, பொரி உருண்டை, இரண்டு முழ உயர இனிப்புக் கோபுரம். பிள்ளையார் கோயிலிலிருந்து பந்தல் வரைக்கும் அவற்றைத் தூக்கி வரப்போவது அவருடைய டீம், அதுவும் ஜெர்சியில்.

தெருமுனையில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். மேலே தாவணியில் நான், பக்கத்தில் கும்பிட்டபடி அப்பா, கீழே கையைக் கட்டிக்கொண்டு கபடி டீம். என் வகுப்புப் பையன்கள் டியூஷனுக்குப் போகிற வழி அது. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அம்மா வந்து, “எல்லா பொண்ணுக்கும் நடக்கறதுதான்டி” என்றாள். எல்லாப் பெண்ணுக்கும் கீழே கபடி டீமா நிற்கிறது?

அன்றைக்குக் காலையில் என்னைப் பந்தலில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து நேரே பார்த்தால் தெரு தெரியும். கோயில் வாசலில் பேண்ட் வாத்தியம் தயாராக நின்றது, அதன் பின்னால் வரிசையாக டீம், தலையில் தட்டு. கேப்டன் வளையல் தட்டை வைத்துக்கொண்டு, “எங்க வூட்டு கல்யாணத்துல கூட நான் தட்டு தூக்கினது இல்ல மச்சான்” என்று சொல்லிப் பையன்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கும் தூரம்தான். ரைடர் தலையில் இனிப்புக் கோபுரம். அதைப் பிடித்துக்கொண்டு அவரால் சிரிக்கக் கூட முடியவில்லை.

ஊர்வலம் கிளம்பும் சமயத்தில் அம்மாவின் செல்போன் அடித்தது. மாமாதான். மனசு கேட்கவில்லை, சீரோடு வரேன், ஆனால் கார் கிடைக்கவில்லை என்றார். அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் கண்ணும் கலங்கியது. எல்லாருக்கும் முன்னால், “என் மச்சான் வரான், வேனை அனுப்புறேன்” என்றார். டீம் போகவேண்டிய வேன், மாமாவைக் கூட்டிவரப் பள்ளிக்கரணைக்குப் போனது. மாமா வராமல் சீர் உள்ளே வரக் கூடாது என்றாகிவிட்டது.

பன்னிரண்டு ஆனது. அதற்குள் வேன் வந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம். இனி அது முடியும் வரை தட்டு வாசலைத் தாண்டாது. கீழே வைக்கலாமா என்று கேட்ட பையனிடம், சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாது என்று ஒரு அத்தை அதட்டினாள். ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் நிழல் இல்லை. பந்தலுக்குள் எனக்கு மட்டும் தனியாக ஒரு டேபிள் ஃபேன் ஓடியது. யாரோ ரோஸ் மில்க் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தேன்.

ஒன்றரை தாண்டியும் வேன் வரவில்லை. மாமா வீட்டில் தட்டு கட்டி ஏற்றவே நேரமாகிவிட்டது, இப்போது மேடவாக்கத்தில் டிராஃபிக் என்று போன் வந்தது. கேப்டன் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பந்தலுக்குள் வந்தார். ஜெர்சி முழுக்க வியர்வை.

“அண்ணா, மணியாவுது. நாங்க டிரெயின்ல போய்டறோம்ணா. ரெண்டே ஸ்டேஷன்தான?”

“வேன் வந்துகினே இருக்குப்பா.”

“வேன் வந்தா பின்னாடி அனுப்புங்கணா. மூணு தபா மைக்ல கூப்டுவாங்க, போவலன்னா அவங்களுக்கு வாக்ஓவர் குடுத்து ஜெயிச்சதா சொல்லிடுவாங்க.”

“என் டீம் டிரெயின்ல தொங்கிகினு போய் எறங்கறதா? நாலு பேர் பாத்தா இன்னா சொல்வாங்க? ராகு காலம் நாலரைக்குத்தான், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.”

“உங்களுக்கு முடிஞ்சிடும்ணா. அவனுக்கு இதான் கடைசி சான்ஸ்.” கேப்டன் கையைத் தெருப்பக்கம் காட்டினார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். வீசிங் வந்தவர்போல இழுத்து மூச்சு விட்டார்.

“போறதுன்னா போங்க. ஜெர்சியக் கழட்டி வெச்சுட்டுப் போங்க.”

கேப்டன் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. நான் எழுந்து, போகவிடுங்கப்பா என்று கத்தியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். நாற்காலியை விட்டு எழுந்தால் அடிப்பார்கள் என்று பயந்திருந்த பதின்மூன்று வயதுப் பெண் நான். கழுத்தில் இருந்த மாலையின் கனத்துக்குத் தலையை நிமிர்த்துவதே கஷ்டம். ஆனால் உடம்பெல்லாம் கூசியது. எனக்கு நடந்த ஒன்றுக்காக, என்னைக் கேட்காமலே நடந்த ஒன்றுக்காக, அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஓடிப்போய் எந்த ரயிலிலாவது விழலாம் போல இருந்தது.

கேப்டன் திரும்பிப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

வேன் வரும்போது மணி மூன்றாகப் போகிறது. மாமா இறங்கினார், அப்பா கட்டிப் பிடித்துக்கொண்டார், அம்மா இருவரையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பேண்ட் முழங்கியது. மாமா முன்னால் மாலையோடு நடக்க, அவர் கொண்டுவந்த தட்டுகளும் போதாமல் டீமும் பின்னால் தட்டோடு நடந்தது. ரைடர் அந்த இனிப்புக் கோபுரத்தை என் காலடியில் இறக்கி வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, அது எனக்கு நல்லதாகத்தான் போயிற்று. உடனே எல்லாரும் வேனுக்கு ஓடினார்கள். வீடியோக்காரர் அந்த ஓட்டத்தையும் எடுத்திருக்கிறார். கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது அதில் காதல் பாட்டு ஓடியது.

ஐந்து மணி வாக்கில் திரும்பி வந்தார்கள். எங்கள் வீட்டில்தான் அவர்களுடைய மாற்றுத் துணி இருந்தது. மேட்ச் நடக்கவில்லை, எதிர் டீமுக்கு வாக்ஓவர். கிரவுண்டில் இறங்கக் கூட இல்லை. பந்தியில் கடைசி வரிசை நடந்துகொண்டிருந்தது. அப்பா மாமாவின் தோளில் கை போட்டபடி, “விடுங்கப்பா, அடுத்த வருஷம் ஜெயிச்சுக்கலாம். உக்காந்து சாப்பிடுங்க” என்றார். அவர் மனதார அதைச் சொன்னார். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார். ரைடர் இலை முன்னால் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கேப்டன் உட்காரவில்லை.

மறுவாரம் மசூதித் தெருவிலிருந்து ஜெர்சிகள் திரும்பி வந்தன, துவைத்து இஸ்திரி போட்டு. யாரும் சண்டை போடவில்லை. அப்பா திகைத்துப்போனார். நான் என்ன குறை வைத்தேன் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டார். அவள், அவங்க ஜாதகம் அப்படி என்றாள். ஏரிக்கரைப் பையன்கள் மட்டும் கொஞ்ச நாள் ஆடினார்கள். என்னை இனிமேல் சுவர் மேல் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சத்தமும் இல்லை.

ஒருநாள் காலையில் அந்த ரைடர் வந்தார். முன்பெல்லாம் நேராகப் பின்பக்கம் போய்க் குழாயில் கால் கழுவுகிறவர், அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றார். அப்பாவைப் பார்க்கணும் என்றார். “டிரைவர் வேலை எதுனா கீதாண்ணா?” என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை, வேன் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும் உள்ளே வந்து, “பாத்தியா, அவனுக்கு என்னை வுட்டுப் போவ மனசு வரல” என்று அம்மாவிடம் சொன்னார். நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அதற்கப்புறம் அந்த வேனில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். அவர் கதவைத் திறந்துவிடுவார், நான் ஏறி உட்காருவேன். ஏதாவது பேசலாம் என்று வாயெடுத்தால் வார்த்தை வராது. மன்னிச்சிடுங்க அண்ணா என்று சொல்லலாம் என்று பார்த்தால், எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? நான் வயதுக்கு வந்ததற்கா?

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெருங்களத்தூரில் ஒரு மைதானத்தில் கபடி நடந்தது. அப்பா வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். கபடி கண்ணில் பட்டால் அவரால் தாண்டிப் போக முடியாது. அப்பாவும் டிரைவரும் இறங்கிக் கயிற்றோரம் நின்றார்கள். நானும் அம்மாவும் வேனுக்குள். அங்கே ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் எங்கள் மேட்சுகளுக்கு நடுவராக நின்றவர், அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். டிரைவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“இந்தப் பையன் சூப்பரா ஆடுவானே சார். டிஸ்ட்ரிக்ட்டுக்கு எடுத்திருப்பாங்களே?”

“ஜஸ்ட் மிஸ் சார்” என்றார் அப்பா. அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

“அப்படியா? எப்படி மிஸ்ஸாச்சு?”

அப்பா தொண்டையைச் செருமினார். மைதானத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு எனக்கு ஒடம்பு சரியில்ல சார்” என்றார் டிரைவர். “நல்ல ஜுரம்.”

“ஆமா சார், பாவம், நெருப்பா கொதிச்சுது” என்றார் அப்பா உடனே. “நான்தான் வேணாம்னு நிறுத்திட்டேன்.”

இத்தனை வருஷம் வராத வார்த்தை அப்போது வந்தது. “ஜுரமெல்லாம் இல்ல” என்றேன், அந்தப் பெரியவருக்குக் கேட்கும்படி. “என் ஃபங்ஷனுக்குத் தட்டு தூக்கிட்டு நின்னாரு.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிற பார்வை இல்லை அது. சின்னப் பையனைப்போல விழித்தார். அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. பெரியவர் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர் வேன் பக்கம் நடந்து வந்தார். ஏதாவது சொல்வார், கோபமாகவாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. இவ்வளவு பேருக்கு நடுவில் நான் அவருக்கு என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

“தூசி வருது பாப்பா” என்றார். நான் ஜன்னலில் வைத்திருந்த கையை எடுப்பதற்குள் அவரே வெளியிலிருந்து ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்.